ஜெஃப்ரியைத் தெரிந்தவன்

கங்கையம்மாள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கூப்பிடவில்லை, கேட்டைத் தட்டவுமில்லை. மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வந்த கிறிஸ்டினா தற்செயலாகத் திரும்பியபோதுதான் பார்த்தாள். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாளோ. ஆள் பாதியாகியிருந்தாள்.

கிறிஸ்டினா இருக்கும் இரும்புலியூரிலிருந்து கங்கையம்மாளின் பீர்க்கன்காரணை அப்படியொன்றும் தூரமில்லை. இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அதே மார்க்கெட், அதே பஸ், அதே ரயில். இருந்தும் பதின்மூன்று வருஷமாகக் கங்கையம்மாள் கிறிஸ்டினாவின் கண்ணில் படாமல் இருந்துவிட்டாள். ஒருமுறை மீன் மார்க்கெட்டில் தூரத்தில் கிறிஸ்டினாவைக் கண்டதும், விலை பேசிக் கழுவி வைத்த மீனைக்கூட வாங்காமல் அப்படியே போய்விட்டவள் அவள்.

"உள்ள வாங்க" என்று சொல்ல கிறிஸ்டினாவுக்கு வாய் வரவில்லை. கேட்டருகே போய் நின்றாள்.

"உள்ள வர்றதுக்கு வர்ல கிறிஸ்டி" என்றாள் கங்கையம்மாள். "இங்கியே நின்னு சொல்ட்டுப் பூட்றேன். அவன ஆஸ்பத்திரிலேர்ந்து வெளிய வுடப் போறாங்களாம். வூட்டுக்கு இல்ல. வண்டலூராண்ட ஒரு ஹோம் கீது, அங்க கொண்டாந்து வெக்கறாங்களாம். போலீஸ்காரங்க உன்னாண்ட வந்து கேப்பாங்க. அவங்க வாயால நீ மொதல்ல கேக்கக் கூடாதுன்னு நானே வந்தேன்."

"நான் என்ன சொல்லணும்?"

"அத்த நான் எப்டி சொல்றது? வாணாம்னா வாணாம்னு சொல்லு. உனுக்குப் பக்கத்துல கொண்டாந்து வெக்கறாங்க, உன்னாண்ட சொல்லாம வெக்கறது தப்பு. அவ்ளோதான்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். தெருமுனையில் நாய் ஒன்று குறுக்கே படுத்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி மெல்லப் போனாள்.

கங்கையம்மாள் 'அவன்' என்று சொன்னது தன் தம்பி கதிரேசனை. கிறிஸ்டினாவின் கணவன் ஜெஃப்ரியைக் கொன்றவன் அவன்தான். ஆனால் அதை மட்டும் சொன்னால் கதிரேசன் யாரென்று சொன்னதாகாது.

கிறிஸ்டினா முதன்முதலில் கதிரேசனைப் பார்த்தபோது அவன் முகம் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தது. தொண்ணூறுகளின் கடைசி. டிசம்பர் பிறந்தால் சர்ச்சிலிருந்து கேரல் கோஷ்டி வீடு வீடாக வரும். அந்தக் கோஷ்டியில் கிடார் வாசிப்பவன் ஜெஃப்ரி. ஒல்லியாக, சட்டை ஹேங்கரில் தொங்குவதுபோல் இருப்பான். அவனுடைய உயிர் சிநேகிதன் கதிரேசன் சர்ச்சைச் சேர்ந்தவனே இல்லை. வீட்டில் முருகன் படம் மாட்டியிருப்பவன். ஆனால் கோஷ்டியில் அவனைப்போல் தொப்பை வேறு யாருக்கும் கிடையாது. அதனால் வருஷா வருஷம் அவன்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, "இன்னா பாப்பா, ஒயுங்கா படிக்கிறியா?" என்று அவன் குனிந்தால் பாதிப் பிள்ளைகள் அழும், பாதிப் பிள்ளைகள் தாடியைப் பிடித்து இழுக்கும்.

ஒரு வருஷம் கிறிஸ்டினாவின் வீட்டில் பாட்டு முடிந்து, கேக்கும் கொடுத்தாகிவிட்டது. கிளம்ப வேண்டிய தாத்தா கிளம்பாமல் கிறிஸ்டினாவின் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, கிறிஸ்துமஸ் தாத்தா பொய் சொல்ல மாட்டாரு. இதோ கிடார் வாசிக்கிறானே, இவனுக்கு உங்க பொண்ண ரொம்பப் புடிச்சிகீது. மூணு வருஷமா இந்த வூட்ல வந்தா மட்டும் தப்புத் தப்பா வாசிக்கிறான். அவன் சொல்ல மாட்டான். அதான் நான் சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெஃப்ரி கிடாரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டான். ஆனால் கிறிஸ்டினாவின் அப்பா சிரித்ததோடு விடவில்லை. பொங்கல் கழிந்ததும் ஜெஃப்ரியின் அண்ணன் அப்பாதுரையை ஆவடியில் தேடிப்போய்ப் பேசினார். கல்யாணத்தன்று மாப்பிள்ளைத் தோழனாக நின்ற கதிரேசனுக்கு கோட்டுப் பொத்தான் போட முடியவில்லை. போட்டோவில் எல்லாம் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டே நிற்கிறான்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் அந்த வீட்டில் மூன்று பேர் இருந்த மாதிரிதான். ஜெஃப்ரியும் கதிரேசனும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் காருக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். காலையில் கிறிஸ்டினா இரண்டு டிபன் பாக்ஸ் கட்டுவாள். கதிரேசன் வாசலில் நின்று, "தங்கச்சி, இன்னிக்கு இன்னா?" என்று கேட்டு, உப்புமா என்றால் மட்டும் மூஞ்சியைச் சுளிப்பான். ஞாயிற்றுக்கிழமை சில சமயம் அவனுடைய பழைய ஸ்கூட்டரையும் ஜெஃப்ரியின் வண்டியையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் போவார்கள். அப்போது ரோட்டோரம் இத்தனை கட்டடம் கிடையாது. சதுப்பில் தண்ணீர் பளபளவென்று விரிந்து கிடக்கும். தூரத்தில் வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் ஜெஃப்ரி ஒரு பறவையின் பெயர் சொல்லிக் காட்டுவான். கதிரேசன், "அது பிளாஸ்டிக் கவருடா" என்பான். பாதி நேரம் கதிரேசன் சொன்னதுதான் சரியாக இருக்கும். சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருப்பார்கள். கதிரேசனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு வரும். "இந்தத் தொப்பைக்கு யாரு குடுப்பா" என்று அவனே முடித்து வைத்துவிடுவான்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பெனிட்டா பிறந்தாள். மருத்துவமனையில் குழந்தையை ஜெஃப்ரிக்கு அடுத்தபடி கையில் வாங்கியவன் கதிரேசன்தான்.

எப்போது ஆரம்பித்தது என்று கிறிஸ்டினா எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். கதிரேசன் டிபன் பாக்ஸைத் திறந்ததும் சாப்பிடாமல் முகர்ந்து பார்க்க ஆரம்பித்தான். கம்பெனி கேண்டீன் தண்ணீரில் ஏதோ கலக்கிறார்கள் என்றான். சூப்பர்வைசர் மின்விசிறிக்குள் மைக் வைத்திருக்கிறார், நாம் பேசுவதெல்லாம் பதிவாகிறது என்றான். முதலில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். பிறகு கங்கையம்மாள் ஒரு கோயில் விடாமல் அழைத்துப்போய்க் கயிறு கட்டினாள். கடைசியில் ஜெஃப்ரிதான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனான். மாத்திரை கொடுத்தார்கள்.

மாத்திரை போட்டபின் கதிரேசன் பயப்படுவதை நிறுத்தினான். கூடவே சிரிப்பதையும் நிறுத்தினான். ரயிலில் ஏறினால் தூங்கிவிடுவான்; சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்காமல் செங்கல்பட்டு வரை போய்விடுவான். உதட்டோரம் எச்சில் வழியும். ஜெஃப்ரிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த வருஷம் டிசம்பரில் திடீரென்று பழைய கதிரேசன் வந்துவிட்டான். சிவப்பு அங்கி மாட்டிக்கொண்டு தெருவெல்லாம் ஆடினான். பெனிட்டா அவன் தாடியைப் பிடித்து இழுத்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். அவன் மாத்திரையைச் சாக்கடையில் போடுகிறான் என்று கங்கையம்மாள் கண்டுபிடித்துச் சொன்னபோதுகூட, "நல்லாத்தானேக்கா இருக்கான், விடுங்க" என்றான் ஜெஃப்ரி. கிறிஸ்டினாவும் தலையாட்டினாள். மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்கடுத்த ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதிரேசன் ஒரு வாரமாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கங்கையம்மாள் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். சர்ச்சிலிருந்து வந்ததும் ஜெஃப்ரி, கிறிஸ்டினா சமைத்த கோழிக்குழம்பும் சோறும் கேரியரில் எடுத்துக்கொண்டு கிளம்பினான். "அவன் சாப்டறத பாத்துட்டு வந்துடறேன்" என்றான்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு கிறிஸ்டினா காத்திருந்தாள். பெனிட்டா தூங்கிக்கொண்டிருந்தாள். கேட் திறக்கும் சத்தம் கேட்டு வெளியே வந்தால், கதிரேசன். சட்டையெல்லாம் ரத்தம். எங்கேயோ விழுந்து அடிபட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் ஓடினாள்.

"உள்ள போய் கதவ சாத்திக்கோ தங்கச்சி" என்றான் அவன். மூச்சு வாங்கியது. "கொழந்த எங்க? ஜெஃப்ரி மாதிரியே ஒருத்தன் வந்தாம்மா. அதே மூஞ்சி, அதே சட்ட. கையில நம்ம வூட்டு கேரியரு. என்னிய ஏமாத்த முடியுமா? முடிச்சிட்டேன். இனிமே பயமில்ல. ஆனா ஜெஃப்ரிய எங்கியோ அடச்சி வெச்சிகிறானுங்க. நான் போய் தேடறேன். யாரு வந்தாலும் கதவத் தொறக்காத."

அவளைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவன் முகத்தில் இருந்தது. அதைத்தான் அவளால் இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை. போலீஸ் அவனைப் பெருங்களத்தூர் ஸ்டேஷன் அருகே பிடித்தபோது, பிளாட்பாரத்தில் நின்ற ஒவ்வொருவரிடமும் ஜெஃப்ரியைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தானாம்.

செங்கல்பட்டு கோர்ட்டில் கிறிஸ்டினாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். வாசலில் அவன் சொன்னதை, சொன்னபடி சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அரசு மருத்துவர் ஒருவர் வந்து, இந்த வியாதி உள்ளவர்கள் பெரும்பாலும் யாரையும் ஒன்றும் செய்ய மாட்டார்கள், பயந்து ஒதுங்கித்தான் போவார்கள், வைத்தியம் நின்றுபோய், தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று முழுதாக நம்பிவிட்டால் அபூர்வமாக இப்படி ஆகும் என்றார். பெரும்பாலும் ஆகாதது தன் வீட்டில் ஏன் ஆனது என்று கேட்க அவளுக்கு வாய் துடித்தது. யாரைக் கேட்பது? என்ன செய்கிறோம் என்று தெரியாத நிலையில் செய்தது என்று சொல்லி, கதிரேசனைக் குற்றவாளி இல்லையென விடுவித்து, மனநல மருத்துவமனையில் வைக்கும்படி தீர்ப்பு வந்தது. கோர்ட் வாசலில் அப்பாதுரை, "உன் வாயாலயே அவனை விட்டுட்டியேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, பெனிட்டாவின் படிப்பு என்று காலம் ஓடியது. ஒரு விஷயம் மட்டும் அவளுக்குத் தாங்கவில்லை. ஜெஃப்ரி என்றாலே எல்லோருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதற்கு முன்னால் நாற்பது வருஷத்துக்கு மேல் ஒருவன் வாழ்ந்தான், தப்புத் தப்பாகக் கிடார் வாசித்தான், பிளாஸ்டிக் கவரைக் கொக்கு என்றான் என்பதெல்லாம் யாருக்கும் நினைவில் இல்லை. அவனுடைய அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பாதுரை தம்பியைவிட ரொம்ப மூத்தவர். சிறு வயதிலேயே ஆவடிக்கு வேலைக்குப் போய்விட்டவர். அவர் வந்தாலும் வழக்கைப் பற்றித்தான் பேசுவார். பெனிட்டா பள்ளிக்கூடம் போன நாட்களில் அப்பாவைப் பற்றிச் சொல்லு என்று கேட்பாள். கிறிஸ்டினா தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். ஒரு கட்டத்தில், "இது ஏற்கெனவே சொல்லிட்டம்மா" என்று பெனிட்டா சொல்ல ஆரம்பித்தாள். பிறகு கேட்பதே நின்றுபோனது.

கங்கையம்மாள் வந்து போன அந்த வாரமே போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து, அவனை ஹோமில் வைக்க ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். யோசிக்க இரண்டு நாள் கொடுங்கள் என்றாள் கிறிஸ்டினா. அப்பாதுரைக்கும் செய்தி போயிருந்தது. போன் செய்தார்.

"நான் எதிர்ப்பு எழுதிக் குடுத்துட்டேன். நீயும் குடுத்துடு."

"பாத்துட்டு சொல்றேன் அத்தான்."

"எதைப் பாத்துட்டு?"

"ஆளைப் பாத்துட்டு."

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மின்சார ரயிலில் ஏறினாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. திட்டுவதற்காக இருக்கலாம். அவன் இன்னும் அப்படித்தான் இருக்கிறானா என்று கண்ணால் பார்த்துக்கொள்வதற்காக இருக்கலாம். சைதாப்பேட்டையில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒருமுறை எழுந்து கதவு வரை வந்தாள். ஏறும் கூட்டம் அவளை மறுபடி உள்ளே தள்ளிவிட்டது.

மருத்துவமனையில் மரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு நர்ஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். கதிரேசனை அழைத்து வந்தார்கள். தொப்பை இருந்தது. ஆனால் அது பழைய தொப்பை இல்லை. உடம்பு முழுக்க ஊதி, முகத்தில் அசைவே இல்லாமல், கால்களைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. கைகள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "வாங்க" என்றான்.

அவள் எதையெதையோ எதிர்பார்த்து வந்திருந்தாள். அவன் அழுவான், காலில் விழுவான், அல்லது யாரென்றே தெரியாமல் விழிப்பான். 'தங்கச்சி, வா' என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவன் 'வாங்க' என்பான் என்று எதிர்பார்க்கவில்லை.

அவன் பெஞ்சின் மறுமுனையில், முடிந்தவரை தள்ளி உட்கார்ந்தான்.

"மாத்திரை போடறீங்களா?" என்று கேட்டாள். முதலில் வந்த கேள்வி அதுதான்.

"போடறேன். போட்டப்புறம் வாயத் தொறந்து காட்டணும். இப்பல்லாம் அவங்க கேக்கறதில்ல. நானே காட்றேன்."

காக்கைகள் மரத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. கிறிஸ்டினா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அது அவருதான்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

அவன் நேரம் எடுத்துக்கொண்டான். மருந்தினாலா, யோசனையினாலா என்று தெரியவில்லை.

"இங்க வந்து ஒரு ஆறேழு மாசம் இருக்கும். காதுல கேட்ட சத்தமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சிச்சு. டாக்டருங்க நல்லாயிட்டேன்னு சொன்னாங்க. அதுவரைக்கும் ஜெஃப்ரிய தேடிக்கினே இருந்தேன். எங்கியோ இருக்கான், கண்டுபுடிச்சிடலாம்னு இருந்துச்சு. நல்லானப்புறம் தேட்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பாள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்ப்பதை கிறிஸ்டினா கவனித்தாள். அவ்வளவுதானா, கிளம்ப வேண்டியதுதானா என்று நினைத்தபோது, தான் கேட்க வந்தது என்னவென்று அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது.

"சின்ன வயசுல அவரு எப்படி இருப்பாரு?"

கதிரேசன் நிமிர்ந்து பார்த்தான். "நான் சொல்லலாமா?"

"வேற யாரு இருக்கா சொல்றதுக்கு?"

அவன் உள்ளங்கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டான். மெதுவாக ஆரம்பித்தான்.

"வண்டலூர்ல ஜூ கட்டிக்கினு இருந்த டைமு. மெட்ராஸ்லேர்ந்து மிருகத்தையெல்லாம் லாரில ஏத்திக் கொண்டாருவாங்க. நாங்க ரெண்டு பேரும் ஸ்கூலுக்குக் கட் அடிச்சிட்டு ரயில்வே கேட்டாண்ட போய் நிப்போம். சிங்கம் வரும், புலி வரும்னு. ஒரு நாள்கூட வர்ல. ஒரு நாள் கேட் போட்டுட்டாங்க, ஒரு லாரி வந்து நின்னுச்சு. பாத்தா ஒட்டகம். வயசான ஒட்டகம். தலைய வெளிய நீட்டிக்கினு நம்மளயே பாக்குது. எனக்கு செம கடுப்பு. ஒட்டகத்த பாக்கவா அடி வாங்கப் போறோம்னு. ஜெஃப்ரி இன்னா பண்ணான்னா, டிபன் பாக்ஸத் தொறந்து இட்லிய எடுத்து நீட்டிக்கினு, 'கம், கம், ஈட், ஈட்'ன்றான். இன்னாடா இங்கிலீஷ்ல பேசறேன்னா, 'வெளியூர் ஒட்டகம்டா, தமிழ் தெரியாது'ன்றான்."

கிறிஸ்டினா சிரித்துவிட்டாள். வாய்விட்டு, தோள் குலுங்க. சிரித்த பிறகுதான் எங்கே, யார் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறோம் என்பது உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதிரேசன் சிரிக்கவில்லை. அவன் முகத்துக்கு அது முடியாமல் போயிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு, "சாப்டுச்சு. ரெண்டு இட்லியும் சாப்டுச்சு" என்றான்.

அன்று சாயங்காலம் பெனிட்டா கல்லூரியிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, கிறிஸ்டினா ஒட்டகக் கதையைச் சொன்னாள். பெனிட்டா சிரித்துச் சிரித்துக் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டாள்.

"இது நீ சொன்னதே இல்லையேம்மா. யாரு சொன்னாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அப்பாதுரை பெரியப்பா சொன்னார் என்று சொல்லியிருந்தால் அவள் கேள்வி கேட்டிருக்க மாட்டாள். கிறிஸ்டினா உண்மையைச் சொன்னாள். பெனிட்டா டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் அம்மாவிடம் வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

போலீஸ் அதிகாரி திரும்பி வந்தபோது கிறிஸ்டினா ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த ஹோம்ல மாத்திரைய பாத்துப் பாத்துக் குடுக்க ஆள் இருக்கா சார்?"

"இருக்காங்கம்மா. மாசா மாசம் டாக்டர் வந்து பாக்கறாரு. எங்க ஸ்டேஷன்லேர்ந்தும் போய்ப் பார்ப்போம்."

"அப்ப எனக்கு ஆட்சேபம் இல்ல."

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சிட்டேன் சார்."

அப்பாதுரை நேரிலேயே வந்தார். வயதான காலத்தில் ஆவடியிலிருந்து இரண்டு வண்டி மாறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"உனக்கு மறந்துபோச்சு" என்றார்.

"மறக்கல அத்தான். எல்லாம் ஞாபகம் இருக்கு. நல்லா இருந்ததும் ஞாபகம் இருக்கு."

"என் தம்பிடி அவன்." அவர் குரல் உடைந்தது. அவளை அவர் 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. "எனக்கு அவன் ரத்தம்தான் ஞாபகம் இருக்கு. நான்தான் போய் அடையாளம் காட்டினேன்."

அது உண்மைதான். அன்று மார்ச்சுவரிக்கு அவளைப் போகவிடாமல் அவர்தான் போனார். அவருக்குக் கடைசியாகக் கிடைத்த ஜெஃப்ரி அதுதான். கிறிஸ்டினா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, சொம்பைத் திண்டின்மேல் வைத்துவிட்டுப் போனவர் பிறகு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு இவளாகப் போன் செய்தால் எடுத்து, "நல்லா இருங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். அவர்மேல் அவளுக்குக் கோபமில்லை.

ஹோம் வண்டலூரிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாக மனை பிரித்துக் கல் நட்ட இடங்களுக்கு நடுவே இருந்தது. மாடிக் கட்டடம், முன்னால் நாலைந்து வாழை மரம். கதிரேசன் அங்கே வாழைக்குத் தண்ணீர் ஊற்றுவான், காய்கறி நறுக்க மாட்டான். கத்தியைக் கையில் எடுப்பதில்லை என்று அவனே சொல்லிவிட்டதாகப் பொறுப்பாளர் ஜீவானந்தம் சார் சொன்னார். கிறிஸ்டினா போகத் தோன்றும்போது போவாள். சில மாதம் இரண்டு தடவை, சில மாதம் போகவே பிடிக்காது. போனால் முதலில் ஜீவானந்தம் சாரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே போய் உட்காருவாள். சாப்பாடு எதுவும் கொண்டுபோக மாட்டாள். அது மட்டும் அவளால் முடியவில்லை.

அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஜெஃப்ரி நீச்சல் தெரியாமல் பீர்க்கன்காரணை ஏரியில் குதித்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுக்கப் போய், கடைக்காரன் பேச்சை நம்பி நான்கு கெஜப் புடவை வாங்கி வந்தது. கிறிஸ்டினாவை முதலில் பார்த்த அன்று இரண்டு ரயிலை விட்டுவிட்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தது. இது அவளுக்குத் தெரியாது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் ஜெஃப்ரி சொல்லவில்லை. அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வந்து சேரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். கதைகள் கம்பெனி நாட்களை நெருங்க நெருங்க கதிரேசனின் பேச்சு குறைந்துவிடும். "அதுக்கப்புறம் எனக்கு சரியா ஞாபகம் இல்ல" என்பான். இல்லை என்பதல்ல, சொல்ல முடியவில்லை என்று அவளுக்குத் தெரியும். மறுபடி ஸ்கூல் நாளுக்கே திரும்பிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் எதுவும் சொல்வதில்லை. பெனிட்டாவும் கேட்பதில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை அவள் செருப்பு மாட்டும்போது பெனிட்டா உள்ளிருந்து வந்து, "நானும் வரேன்" என்றாள்.

ஹோமில் கதிரேசன் பெனிட்டாவைப் பார்த்ததும் எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பெனிட்டா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு கதையும் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி கிறிஸ்டினாவும் கேட்கவில்லை. மேலே ஓடுகிற மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா எப்படிச் சிரிப்பார்?" என்று கேட்டாள் பெனிட்டா. "அம்மாவுக்கு செஞ்சு காட்டத் தெரியல. ஒரு வீடியோகூட இல்ல. நான் நிறைய யோசிச்சுப் பார்த்தேன், எனக்கு ஞாபகம் வரல."

கதிரேசன் கிறிஸ்டினாவைப் பார்த்தான். அவள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு மூக்கால் இரண்டு மூச்சை உள்ளே இழுத்து, தொண்டையில் சிக்கி, திடீரென்று மேலே ஏறி உடையும் ஒரு சிரிப்பு. அவன் முகம் கொஞ்சமும் அசையவில்லை. சிரிப்பு மட்டும் ஜெஃப்ரியுடையது.

கிறிஸ்டினா எழுந்து வெளியே போனாள். வாழை மரத்தடியில் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். நிறைய நேரம் அங்கேயே நின்றாள். திரும்பி உள்ளே போனபோது பெனிட்டா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள், கதிரேசன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான். "போலாம்" என்றாள் பெனிட்டா.

மெயின் ரோடு வரை நடந்து வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் தென்பக்கம் போகிற வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. சனிக்கிழமை சாயங்காலம் அப்படித்தான். இரண்டு பஸ் நிற்காமல் போய்விட்டது.

"நான் இன்னொரு தடவ வர மாட்டேம்மா" என்றாள் பெனிட்டா. "அவர் சிரிக்கும்போது நல்லா இருந்துச்சு. ஆனா நான் அவர் கையத்தான் பாத்துட்டு இருந்தேன். என்னால கண்ண எடுக்க முடியல."

"சரிடா. நீ வர வேணாம்."

"நீ போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." எதிர்ப்புறம் நிற்கிற லாரிகளைப் பார்த்தபடி சொன்னாள். "போயிட்டு வந்து, அப்பாவப் பத்தி என்ன சொன்னாருன்னு மட்டும் எனக்குச் சொல்லு."

தாம்பரம் போகிற பஸ் வந்தது. உட்கார இடமில்லை. கிறிஸ்டினா மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரும்புலியூரில் இறங்கும் வரை பெனிட்டா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.